கோவையிலும் கிடைக்காத போல்ட்

13-ம் நம்பர் ஸ்பேனர் நுழையாது. 14-ம் நம்பரைப் போட்டால் லொடலொடவென்று ஆடும். கொஞ்சம் பலம் கொடுத்துத் திருகினால் போல்ட்டின் முனை மழுங்கிவிடும். அப்புறம் சுத்தியலும் உளியும்தான். எம்.ஜி. டி.சி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினில் முதன்முதலாகக் கை வைக்கும் மெக்கானிக்குக்கு நேரும் அனுபவம் இது.

'வெள்ளைக்காரன் வண்டியாச்சே, அங்குலக் கணக்கில்தான் இருக்கும்' என்று அந்தக் காலத்து விட்வொர்த் ஸ்பேனரைத் தேடிப் பிடித்துக் கழற்றினால் அடுத்த ஆச்சர்யம். போல்ட்டின் தலைதான் அங்குல அளவு. மரை மில்லிமீட்டர் அளவு. தலை இங்கிலாந்து, உடம்பு பிரான்ஸ்!

இதற்கு ஒரு கதை உண்டு. ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி, முதல் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஒரு தொழிற்சாலை போட்டது. போர் முடிந்ததும் கார் இன்ஜின் செய்ய இறங்கியது. 1923-ல் அதை மோரிஸ் வாங்கினார். அங்கிருந்த மெஷின்கள் எல்லாம் பிரெஞ்சு அளவில் மரை வெட்டுபவை. அவற்றை மாற்றினால் செலவு. அதனால் மரையை அப்படியே விட்டுவிட்டு, உள்ளூர் மெக்கானிக்குகளின் ஸ்பேனருக்குப் பொருந்தும்படி தலையை மட்டும் மாற்றினார்கள். மோரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி. காருக்கும் அந்தச் சிக்கனம் சொத்தாக வந்து சேர்ந்தது.

இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டில் மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ. எம்.ஜி.யில் 1 மி.மீ. 'ரெண்டும் எட்டுதானே' என்று திருகினால், 75 வருஷம் தாக்குப்பிடித்த மரை ஒரு நிமிஷத்தில் காலி.

வேறு ஊராக இருந்தால் இந்த இடத்தில் வேலை நின்றுபோகும். கோவையில் நிற்காது. கடையில் இல்லையா, ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ ஒரு லேத்து பட்டறையில் சாம்பிளைக் கொடுத்தால் போதும், அச்சு அசலாகக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில்லுக்கு உதிரி பாகம், தோட்டத்துக்குப் பம்ப்செட், பம்புக்கு மோட்டார், மோட்டாருக்கு வார்ப்படம் என்று வளர்ந்த ஊர் இது. ஜி.டி.நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டுத்தான் இயந்திரம் கற்றார் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ் ஓட்டித் தொழில் தொடங்கியவர் அவர். அவர் பெயரில் அவிநாசி ரோட்டில் 2015-ல் திறக்கப்பட்ட கார் மியூசியத்துக்கு லீவு நாளில் குழந்தைகளைக் கூட்டிப்போனால், பெரியவர்களைத்தான் வெளியே இழுத்து வர வேண்டியிருக்கும்.

எதையும் செய்துவிடக்கூடிய ஊர் என்ற அந்தப் பெருமைதான், ஒரு பழைய காரைச் சீர்செய்யும்போது பெரிய ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது.

எப்படி என்று பார்ப்போம். ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், அபார்ட்மென்ட்டுகளுக்கு நடுவில் இன்னமும் சில பழைய வீடுகள் தென்படும். முன்னால் போர்டிகோ, பின்னால் ஓடு வேய்ந்த ஷெட். அப்படி ஒரு ஷெட்டை ஒழிக்கும்போது, சாக்கு மூட்டைகளுக்கும் உடைந்த கட்டிலுக்கும் பின்னால் ஒரு எம்.ஜி. டி.சி. கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா காலத்தில் எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

1945 முதல் 1949 வரை, இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில், சுமார் 10,000 கார்கள்தான் இந்த மாடலில் செய்தார்கள். இரண்டே பேர் உட்காரலாம். 1,250 சி.சி. இன்ஜின், இரண்டு கார்புரேட்டர், சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி போட்ட 19 அங்குல வீல். அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களுக்குக்கூட ஸ்டீயரிங் வலது பக்கம்தான். கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். அதாவது கதவு முன்பக்கமாகத் திறக்கும். பார்க்க இரும்பு வண்டி. உள்ளே பாடியைத் தாங்கி நிற்பதோ மரச்சட்டம். ஆஷ் என்ற மரம். தரை ப்ளைவுட்.

நம் ஊரில் மரத்தைப் பல வருஷம் ஷெட்டில் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரையான் தின்றது போக மீதிதான் இருக்கும். தரையைக் காணோம். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது.

இந்த நிலையில் எல்லோரும் செய்யும் முதல் தவறு, வண்டியைக் கழுவுவது. கழுவக்கூடாது. ஹோஸ் பைப்பை ஓரமாக வைத்துவிட்டு, கையில் இருக்கும் போனை எடுத்து எல்லாப் பக்கமும் படம் பிடிக்க வேண்டும். எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த வாஷர் எந்தப் பக்கம் இருக்கிறது, அடுக்கடுக்கான பெயின்ட்டில் அடியில் இருக்கும் கலர் எது என்பதற்கெல்லாம் அந்த அழுக்குதான் சாட்சி. அப்புறம் சேஸிஸ் நம்பரையும், இன்ஜின் நம்பர் வில்லையையும் தேட வேண்டும். டி.சி. கார்களின் சேஸிஸ் வரிசை 1-லிருந்து தொடங்காது, 0251-லிருந்து தொடங்கும். அபிங்டன் தொழிற்சாலையின் டெலிபோன் நம்பர் 251 என்பதுதான் காரணம்! ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் நம்பரும் வண்டியில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்பதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். பாதி வேலை முடிந்த பிறகு பார்த்துத் தலையில் கை வைப்பவர்கள்தான் அதிகம்.

ஒட்டிப்போன பிஸ்டனுக்கு மருந்து பொறுமை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். சுத்தியலால் தட்டினால் பிஸ்டனோடு பிளாக்கும் போகும்.

இதற்கப்புறம்தான் டிங்கரிங் பட்டறை. நிஜமான சோதனை அங்கே ஆரம்பிக்கிறது.

"ஏனுங்க, இந்த ஓட்டைத் தகரத்தை வெச்சுட்டு எதுக்குங்க மாரடிச்சுட்டு இருக்கோணும்? புதுத் தகடு வாங்கிக் குடுங்க, பத்தே நாள்ல முழு பாடியும் அடிச்சுத் தந்துர்றனுங்க!"

இப்படி ஒரு குரல் கேட்கும். அது வெறும் வாய்ப்பேச்சும் அல்ல. சொன்னபடி அடித்துக் கொடுக்கும் கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. பழைய தகட்டில் துருப்பிடித்த நாலு அங்குலத்தை மட்டும் வெட்டி, அதே கனத்தில் துண்டு வைத்து, கேஸ் வெல்டிங்கில் சூடு பரவாமல் ஒட்டி, தட்டித் தட்டிச் சமன் செய்வதோ மூன்று மடங்கு வேலை. பட்டி போட்டு மறைக்காமல் செய்வது இன்னும் கஷ்டம். துருவை எடுக்கிறேன் என்று மெல்லிய தகட்டை சாண்ட் பிளாஸ்ட்டிங்குக்கு அனுப்பினால் அது அப்பளம் மாதிரி நெளிந்து வரும். சேஸிஸுக்கு அது சரி, கதவுக்கும் மட்கார்டுக்கும் ஆகாது.

புதுசாகவே அடித்துவிட்டால்தான் என்ன?

இந்தக் கேள்வி ஒருமுறை லண்டன் கோர்ட் வரைக்கும் போனது. பென்ட்லி கம்பெனியின் 'ஓல்டு நம்பர் ஒன்' 1929, 1930 இரண்டு வருஷமும் லெ மான் 24 மணி நேர ரேஸில் ஜெயித்த கார். பிறகு ரேஸ் ரேஸாக அதில் இன்ஜின் மாறியது, சேஸிஸ் மாறியது. 1932-ல் ஒரு கோர விபத்து, ஓட்டியவர் இறந்துபோனார். காரைத் திரும்பக் கட்டினார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு பெரும் தொகைக்கு விலை பேசியபோது, வாங்க வந்தவர்கள் 'இது அந்தக் காரே அல்ல' என்று பின்வாங்கினார்கள். 1990-ல் தீர்ப்பு வந்தது. 1930-ல் ஓடிய காரில் மிச்சம் இருப்பவை பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் கூடு, ஸ்டீயரிங் தண்டு போன்ற சிலதுதான் என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்த வண்டி இடையில் அழிந்து மறுபடி பிறக்கவில்லை, மாறி மாறி வந்தாலும் தொடர்ச்சியாக இருந்துகொண்டே வந்திருக்கிறது, அதனால் அதுதான் அசல் என்று சொல்லிவிட்டார்.

நம்மவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஆச்சர்யமாக இருக்காது. திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதனால் அது வேறு தேர் ஆகிவிடவில்லையே!

ஆனால், தேர் வேறு, ஷெட்டில் கிடைத்த கார் வேறு. தேர் வருஷா வருஷம் ஓடியாக வேண்டும். பென்ட்லியும் ஓடும்போதே, ரேஸுக்காகவே மாறியது. ஷெட்டில் முடங்கிய காரில் இருப்பதெல்லாம் நின்றுபோன அந்த நாளின் சாட்சியம். ஒரே மாதத்தில் தூக்கிப் போட்டுப் புதுசு அடித்தால், மிஞ்சுவது நம்பர் தகடு ஒட்டிய புது வண்டி.

சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, வியாபாரத்துக்குப் பயன்படாத கார், பைக்குகளை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். முக்கியமான நிபந்தனை இது: சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய அளவில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. இந்தப் பதிவை வைத்துக்கொண்டு தினமும் ஆபீஸுக்கு ஓட்டவும் முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் மாதிரியான தேவைகளுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம்.

அதற்காக எதையுமே மாற்றக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பதும் முட்டாள்தனம். டயர், பிரேக் ஹோஸ், பிரேக் ரப்பர், பெட்ரோல் பைப், ஒயரிங் இவற்றில் பழசு மேல் பாசம் வைத்தால் உயிருக்கு உலை. கரையான் தின்ற மரச்சட்டத்தையும் மாற்றியே ஆக வேண்டும். கதவு மாட்டுவதே அந்தச் சட்டத்தில்தான். அது இளகினால், முன்பக்கமாகத் திறக்கும் கதவு ஓடும்போது காற்றில் பிடுங்கிக்கொள்ளும். நல்ல ஆசாரி கிடைத்தால், கெட்ட பாகத்தை மட்டும் அறுத்துவிட்டு, பழைய மரத்தோடு புது மரத்தைச் சாய்வாகச் சீவி ஒட்டிக் கொடுப்பார். கரையான் தின்ற சட்டம்தான் புதுச் சட்டத்துக்கு அளவுச் சாம்பிள். அதை அடுப்புக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் அளவு தேடினால் எங்கே போவது?

செலவு எவ்வளவு என்று வீட்டம்மா கட்டாயம் கேட்பார். கணக்கு நோட்டு போட்டவர்கள் பெரும்பாலும் பாதியில் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும், மழுங்கியதே ஆனாலும், எங்கிருந்து வந்தது என்று எழுதிய கவரில் போக வேண்டும். துருப்பிடித்த தகட்டுத் துண்டு, எலி கடித்த ஒயர், அரித்த மரம் எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டி. பெட்டியின் நாலு பக்கமும் 'தூக்கிப் போடாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நல்லது. ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழிக்கும்போது, பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுத்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பெட்டிதான்.