விலங்குப் படத் தாள்களைச் சேகரித்தல்

முத்திரை, நாணயம் என்பவற்றைச் சேகரிப்பது போன்று, விலங்குப் படங்கள் பொறித்த அலங்காரத் தாள்களைச் சேகரிப்பதும் இன்று ஒரு பொழுதுபோக்காக உள்ளது. இவை பார்வைக்கு நாணயத்தாள் போன்றே தோன்றும். தொகையும் தொடரிலக்கமும் கூட இருக்கும். ஆயினும் இவற்றை எந்த நாட்டின் மத்திய வங்கியும் வெளியிடுவதில்லை.

பென்குயின் படங்களுடன் வெளிவந்த 'அந்தாட்டிக்கா டொலர்' இதற்குத் தக்க உதாரணமாகும். 1959 ஆம் ஆண்டு கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கை, அந்தாட்டிக்காவைச் சமாதான நோக்கங்களுக்கும் விஞ்ஞான ஆய்வுக்கும் உரியதாக்கியது. அங்கு அரசாங்கமும் இல்லை, மத்திய வங்கியும் இல்லை. எனவே அத்தாளில் எத்தொகை அச்சிடப்பட்டிருப்பினும் அதைக் கொடுத்து ஓர் இறாத்தல் பாண் கூட வாங்க முடியாது.

"அழகிய படத்துக்காகச் சேகரிப்பதில் என்ன தவறு?" எனச் சிலர் வினவலாம். தவறேதும் இல்லை. படத்துக்குரிய விலையைக் கொடுத்து வாங்கி மகிழலாம். ஆனால் 'கிடைத்தற்கரிய தாள்' என்று கூறி அதிக விலை கேட்கப்படும்போது நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். தனியார் அச்சிட்ட தாளை அவர்களே விரும்பியபோது மீண்டும் அச்சிடலாம். அவ்வாறாயின் அதன் அருமைக்கு உத்தரவாதம் அளிப்பவர் யார்? பெற்றோர் உழைத்துத் தந்த பணத்தை இதற்குச் செலவிடுமுன் மாணவர்கள் சிந்திக்க வேண்டும்.

விலங்குகளை விரும்புவோர் உண்மையான நாணயத்தாள்களிலிருந்து தொடங்குவதே சிறந்தது என்பது எமது கருத்தாகும். தென்னாபிரிக்காவின் 10, 20, 50, 100, 200 ராண்ட் தாள்களில் முறையே காண்டாமிருகம், யானை, சிங்கம், எருமை, சிறுத்தை என்பன இடம்பெற்றுள்ளன. எமது மத்திய வங்கி 2011 இல் அறிமுகப்படுத்திய தாள்களிலும் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் உள்ளன. 20 ரூபாத் தாளிலுள்ள சிறிய ஆந்தை இலங்கைக்கே உரியது. 2001 இல் முதன்முதலாக இனங்காணப்பட்ட அப்பறவை, 2004 இல் புதிய இனமாக விஞ்ஞான உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நாளாந்தம் பஸ் கட்டணமாகக் கைமாறும் அத்தாளில் இத்தகைய செய்தி இருப்பதை எம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆகவே எந்தத் தாளை வாங்கும்போதும் இரு வினாக்களைக் கேளுங்கள். இதை வெளியிட்டவர் யார்? இதிலுள்ள விலங்கு எது, எங்கு வாழ்கிறது? இவற்றுக்கு விடை தேடிச் சேகரிப்பவருக்குப் பணமும் வீணாகாது, அறிவும் வளரும்.