பனி என்னும் ஒற்றைச் சொல் போதுமா?

மார்கழி விடியலில் தளவானூர் வயல்வரப்பின் புல்நுனியில் நிற்பது பனி. அதே விடியலில் உதகைக்கு அருகே தலைகுந்தாவில், இரவு நிறுத்திவைத்த கார்களின் கண்ணாடியில் உப்புப் பொருக்குப்போல் ஒட்டிக்கொண்டிருப்பதும் பனி. லடாக்கின் திராஸில் வானிலிருந்து பஞ்சாக இறங்குவதும் பனி. இறங்கியது மிதிபட்டு இறுகி, லாரிச் சக்கரத்தை வழுக்கிவிடும் பாளமும் பனி. எதிரே வரும் வண்டியை மறைக்கும் வெண்திரைக்கும் அதே பெயர்தான். ஐந்து பொருள்கள், ஐந்து விதமான ஆபத்துகள். நம் கையில் புழங்குவதோ ஒரு சொல். இதைச் சொல்லாராய்ச்சிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது என்பதே நம் கருத்து.

தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியையும், பாலைக்குப் பின்பனியையும் உரிய பொழுதுகளாக வகுத்தது. அது காலத்தைப் பிரித்த பிரிவு, பொருளைப் பிரித்ததன்று. வெப்பநாட்டு மக்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இன்று நாமக்கல், சங்ககிரி லாரிகள் வடக்கே நெடுந்தூரம் போகின்றன. செஞ்சியைச் சுற்றிய ஊர்களிலிருந்து படையில் சேர்ந்தவர்கள் எல்லைப்புற மலைகளில் வண்டி ஓட்டுகிறார்கள். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்தபின், முன்பு குளிர்காலம் முழுதும் துண்டிக்கப்பட்டுக் கிடந்த லாகௌல் பள்ளத்தாக்குக்கு டிசம்பரிலும் வண்டிகள் போய்வருகின்றன. ஆட்கள் போய்விட்டார்கள், அவர்களுக்கு வேண்டிய அறிவு தமிழில் கூடப் போகவில்லை.

அந்த அறிவு என்ன என்று கேட்கலாம். டீசலில் இயற்கையாகவே மெழுகு கலந்திருக்கிறது. கடுங்குளிரில் அது துகள்துகளாகப் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். எஞ்சினுக்கு எண்ணெய் போகாது. முன்பெல்லாம் ஓட்டுநர்கள் டாங்கின் அடியில் தீ மூட்டி இளக்கினார்கள். அதன் அபாயத்தை விளக்க வேண்டியதில்லை. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், சுழியத்துக்குக் கீழே 33 பாகை வரை உறையாது ஓடும் குளிர்கால டீசலை லடாக் போன்ற பகுதிகளுக்கென அறிமுகப்படுத்தியது. நல்ல ஏற்பாடு. ஆயினும், சமவெளியில் டாங்கை வழிய நிரப்பிக்கொண்டு மலையேறுகிறவரின் வண்டியில் இருப்பது சமவெளி டீசல்தான். மேலே போய் நல்ல டீசல் நிரப்ப இடம்விட்டு ஏற வேண்டும் என்ற ஒரு வரியை அவருக்கு யார் சொல்வது?

நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருக்கும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கம் நம் வெயிலுக்குச் செல்லும். அங்கே ஓர் இரவில் எஞ்சினையே பிளந்துவிடும். கிளைக்கால் சேர்ந்த கூலன்டைத் தண்ணீருடன் சரிபாதியாகக் கலந்தால் அது சுழியத்துக்குக் கீழே 35 பாகையளவிலும் உறையாது. மின்னேற்றம் தீர்ந்த பேட்டரி கீழே 7 பாகையிலேயே உறையக்கூடும். முழுதாக ஏற்றிய பேட்டரி 50 பாகையையும் தாங்கும். பிரேக்கின் காற்றுத் தொட்டியில் தேங்கும் ஈரத்தை வடிக்காவிட்டால் அது உறைந்து குழாயை அடைக்கும். உறைபனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். இரவே அட்டையோ சாக்கோ போட்டு மூடி, வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டால் காலையில் தொல்லையில்லை. உதகைக்குச் சுற்றுலா போகிறவருக்கும் இது உதவும்.

இவையெல்லாம் பொருள் நட்டம். உயிர் நட்டம் வேறிடத்தில் இருக்கிறது. குளிருக்கு அஞ்சி எஞ்சினை ஓடவிட்டுக் கதவடைத்து உறங்கும்போது, பெய்யும் பனி புகைக்குழாயை மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். கேபினுக்குள் கரிச்சட்டி வைத்துக்கொள்வதும் அதே முடிவைத் தரும். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குகிறவர் விழிப்பதில்லை.

குளிர்நாடுகள் இதை அன்றாட ஒழுங்காகவே ஆக்கிவிட்டன. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃபிரீமன் எஞ்சினைச் சூடாக வைக்கும் மின்கருவிக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். இன்று வின்னிபெக், எட்மண்டன் நகரங்களில் வண்டி நிறுத்துமிடங்களிலேயே அதற்கான மின்செருகிகள் உண்டு. 1983க்குப் பின் கனடாவில் குடியேறிய ஈழத்தமிழர் இவற்றையெல்லாம் பட்டறிந்து பழகிக்கொண்டார்கள். பனிநிலத்தை ஆறாம் திணை என்று சுட்டும் வழக்கமும் புலம்பெயர் இலக்கியப் பேச்சில் வேரூன்றிவிட்டது. அத்திணையின் உரிப்பொருளாகப் பிரிவையும் ஏக்கத்தையும் எழுதிய அளவுக்கு அதன் கருப்பொருளை நாம் எழுதவில்லை. விடியலில் வண்டியின் பனியைச் சுரண்டிவிட்டு வேலைக்கு ஓடுகிறவனின் கையிலிருக்கும் சுரண்டியும் திணைக்குரிய பொருள்தானே?

ஓட்டுநர்கள் அனுபவத்தில் கற்றுக்கொள்வார்கள் என்று மறுப்போர் உண்டு. பெரும்பாலானவற்றில் அது உண்மையே. தாபாவில் சந்திக்கும் பஞ்சாபி ஓட்டுநர் சைகையிலேனும் சொல்லித்தருவார். ஆனால் புகையால் மூச்சடைத்து இறந்தவனுக்கு அனுபவம் எதற்கு? 'ஸ்னோ', 'ஐஸ்' என்ற கடன்சொற்களே போதும் என்பார் இன்னொரு சாரார். அவற்றோடு நமக்குப் பகையில்லை. ஆனால் உறைபனி, பனிப்பொழிவு, பனிப்பாளம், மூடுபனி என்று சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. உதகையில் உறைபனி படிந்த செய்தியைப் பனிப்பொழிவு என்று தலைப்பிடும் அசட்டையே நம் குறை.

தளவானூரில் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரத்தில் வடமொழிக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. அரசனின் புகழைச் சொல்லக்கூட இங்கே தமிழும் தேவைப்பட்டிருக்கிறது. உயிர்காக்கும் செய்திக்குத் தேவைப்படாதா? நாம் கேட்பது பெரிதன்று. நான்கு பக்கத்தில், படத்துடன், தெளிந்த தமிழில் ஒரு கையேடு. லாரி உரிமையாளர் சங்கங்களும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளும் அதை அச்சிடலாம். எழுதித்தருவது எழுதத் தெரிந்தவர்களின் வேலை. கனடாவிலும் நார்வேயிலும் பல குளிர்காலங்களைக் கண்ட தமிழர்கள் முதல் வரைவைத் தரட்டும். லே, கார்கில் சாலைகளை ஓட்டிப் பழகிய நம் ஓட்டுநர்கள் அதைத் திருத்தட்டும். அடுத்த கார்த்திகைக்குள் அது முடியக்கூடிய காரியம்தான்.