ஜப்பான் போனால் சின்னப் பனிமலைக்குப் போங்கள்

நம் வயதுக்காரர்கள் சிலருக்குப் பிள்ளைகள் இப்போது டோக்கியோவில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே போனால், பனிச்சறுக்கு பார்க்கப் போகலாமா என்ற பேச்சு கட்டாயம் வரும். உடனே எல்லோர் வாயிலும் வருவது ஹொக்கைடோ தீவில் உள்ள நிசெகோ. என் கருத்து வேறு. பேர் பெற்ற இடங்களை விட்டுவிட்டு, ஒரு சின்ன ஊரின் பனிமலைக்குப் போங்கள். செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

நாங்கள் போனது நீகதா மாநிலத்தில், யுசாவா பக்கத்தில் உள்ள நகசாதோ. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் எச்சிகோ யுசாவா வரை சுமார் ஒன்றேகால் மணி நேரம். வழியில் 22 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் வருகிறது. சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் பளிச்சென்று வெயில். அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குப் பனி. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, இந்த மலைகளில் மோதி, அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி டோக்கியோவுக்குப் போவது வறண்ட காற்றுதான். நோபல் பரிசு பெற்ற கவபாத்தாவின் 'பனி தேசம்' நாவல் நடக்கும் இடம் இந்த யுசாவாதான்.

அங்கே ஷின்கான்சென்னை விட்டு இறங்கி, உள்ளூர் ரயிலில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் எச்சிகோ நகசாதோ. ஸ்டேஷனை ஒட்டியே சறுக்கு மலை. ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் இருந்த எனக்கு அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஓடி ஓய்ந்த பழைய பயணிகள் பெட்டிகளை நீல வண்ணம் பூசி வரிசையாக நிறுத்தி, வருகிறவர்கள் இளைப்பாறும் கூடமாக வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. பேரன் ஸ்னோபோர்டும் பேத்தி ஸ்கீயுமாக மலைக்குப் போய்விட, நானும் மனைவியும் ஒரு பெட்டியில் உட்கார்ந்து கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். "உங்களை மாதிரியே ரிடையர் ஆன பெட்டி, ஆனால் இது சும்மா இல்லை" என்றாள் அவள். பதில் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பெரிய காரணத்துக்கு வருகிறேன். லிஃப்டில் ஏற்றிவிடுகிறவர் என் வயது இருப்பார். ஒவ்வொரு நாற்காலி வரும்போதும் துடைப்பத்தால் பனியைத் தட்டிவிட்டு, தலை குனிந்து வணங்கி, உட்கார வைக்கிறார். மகனை விட்டு விசாரித்தேன். கோடையில் நெல் விவசாயம், குளிர்காலத்தில் இந்த வேலையாம். அந்தப் பகுதி கொஷிஹிகாரி அரிசிக்குப் பேர் போனது. பனிக்காலத்தில் வயல் பனிக்கடியில் கிடக்கும். முன்பெல்லாம் அந்த மாதங்களில் ஆண்கள் டோக்கியோ போன்ற நகரங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். பனி உருகித்தான் வீடு திரும்புவார்கள். வீட்டில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டு காத்திருப்பார்கள். சறுக்கு மலை வந்த பிறகுதான் அந்த அப்பாக்களில் பலர் குளிர்காலத்திலும் வீட்டில் சாப்பிட்டுத் தூங்க முடிந்தது. வேலைக்காகக் குடும்பத்தைப் பிரிந்திருப்பது என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே மாநிலத்தில் உள்ள தகதாவில்தான், 1911-ல், லெர்ஹ் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி ஜப்பானியர்களுக்கு ஸ்கீ கற்றுக்கொடுத்தார். கையில் ஒரே ஒரு நீளக் கோலோடு சறுக்கும் முறை அது. அங்கே தொடங்கியது 1990-களில் பெரும் மோகமாகி, ஆண்டுக்கு ஒன்றே முக்கால் கோடிப் பேருக்கு மேல் சறுக்கினார்கள். இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள், சில வருஷங்களில் பனியும் ஏமாற்றுகிறது. அந்த மோகக் காலத்தில் யுசாவாவில் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் கோடிக்கணக்கான யென்னுக்கு விற்றவை உண்டு. பின்னாளில் அவற்றில் சில ஒரு லட்சம் யென்னுக்கு விலைக்கு வந்தன. சின்னச் சின்ன சறுக்கு மலைகள் பல மூடப்பட்டுவிட்டன.

நிசெகோவுக்கு இந்தக் கவலை இல்லை. உலகமே அங்கே வருகிறது. முழு மலைக்குமான ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட் பத்தாயிரம் யென்னைத் தாண்டிவிட்டது. பல சின்ன மலைகளில் அதில் பாதிதான். நிசெகோவை ஒட்டிய குட்சானில் நில விலை ஏறிய வேகம் ஜப்பானிலேயே முதலிடம் பிடித்த ஆண்டுகளும் உண்டு. நாம் போகாவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நகசாதோ மாதிரி ஊரில் ஒரு குடும்பம் வந்து நாலு டிக்கெட் வாங்கி, வாடகைக்குப் பூட்ஸ் எடுத்து, கறி ரைஸ் சாப்பிட்டால், அது யாரோ ஒருவருடைய குளிர்காலச் சம்பளத்தில் போய்ச் சேர்கிறது.

பெரிய இடத்துக்குப் போக வேண்டும் என்பவர்கள் சொல்லும் நியாயமும் எனக்குத் தெரியும். அங்கே ஆங்கிலம் செல்லும், சாப்பாட்டில் தேர்வு அதிகம், நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்குச் செங்குத்தான சரிவுகள் இருக்கின்றன. எல்லாம் சரி. ஆனால் நம் பேரப்பிள்ளைகள் முதல் நாள் விழுந்து எழுவதற்குச் சின்னச் சரிவே போதும். நமக்கோ முட்டி இருக்கும் நிலையில் சறுக்குவண்டியில் உட்கார்ந்து ஒரு முறை இறங்கினாலே திருவிழாதான். மாலையில் யுசாவாவின் வெந்நீர் ஊற்றில் முங்கினால் உடம்பு வலி போய்விடும்.

சைவக்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கவும். காய்கறிக் குழம்பு என்று தோன்றுவதிலும் மீன் சாறு கலந்திருக்கும். கையில் கட்டுச்சோறு இருப்பது நல்லது. ரப்பர் அடியுள்ள காலணியும் அவசியம். உறைந்த தரையில் செருப்பு செல்லாது.

பிள்ளைகள் டிக்கெட் போடுவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நாம் சொன்னால்தான் உண்டு. அவர்கள் போனில் தேடினால் நிசெகோதான் முதலில் வரும்.