பசுவுக்கு முன்னால் புல்

நகரத்தில் பத்திருபது வருஷம் உத்தியோகம் பார்த்தவர்களில் பலருக்கு இப்போது ஓர் ஆசை பிடித்திருக்கிறது. கிராமத்தில் ஐந்து ஏக்கர் வாங்க வேண்டும். நாலு மாடு வளர்க்க வேண்டும். ஆசையில் தவறில்லை. ஆனால் காரியம் நடக்கிற வரிசையைப் பாருங்கள். முதலில் மாடு வருகிறது. பிறகு கொட்டகை வருகிறது. அப்புறம் கம்பி வேலி வருகிறது. எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான், மாடு எதைத் தின்னும் என்ற கேள்வி வருகிறது!

அந்தச் சமயத்தில் யாராவது 'சுழற்சி மேய்ச்சல்' என்ற மந்திரத்தை அவர் காதில் ஓதுகிறார்கள். நிலத்தைப் பல துண்டுகளாகத் தடுத்து, ஒன்றில் மேயவிட்டு, மற்றவற்றுக்கு ஓய்வு கொடுப்பது. மேனாட்டார் கண்ட அற்புதம் என்று அவர் பூரித்துப் போகிறார். அங்கே எழுதியிருக்கும் நாள் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து நடுகிறார்.

இதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். முறையை அல்ல, அதைக் கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்குவதை.

பிரான்ஸில் ஆந்த்ரே வுவாசான் என்பவர் 1957ல் புல்லின் விளைச்சலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் நார்மண்டியில் மாடு வளர்த்தவர். தம் மாடுகள் மேய்வதைப் பொறுமையாகப் பார்த்துக் கற்றவர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கடிபட்ட புல் வேரில் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டுதான் மறுபடி துளிர்க்கிறது, அந்தச் சேமிப்பு திரும்புமுன் மறுபடி கடித்தால் புல் நலிந்து போகும். அவருடைய ஊரிலேயே வசந்தத்தில் சுமார் 18 நாளில் தேறுகிற புல், கோடை முடிவில் 36 நாள் கேட்டது. ஒரே ஊரில் இப்படியென்றால், அவருடைய நாள் கணக்கு நம் ஊர் வெயிலுக்கு எப்படிப் பொருந்தும்? அவரிடம் கற்க வேண்டியது கணக்கை அல்ல, பார்வையை.

அந்தப் பார்வை நம்மிடம் இல்லாததா? காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். கொரங்காடு என்று சொல்லுகிற மேய்ச்சல் நிலங்கள் அங்கே இருக்கின்றன. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம். ஒரு காட்டில் புல் குறைந்தால் மாட்டை அடுத்த காட்டுக்கு ஓட்டிப் படலைச் சாத்துவார்கள். மின்வேலிக்காரர்களின் நுணுக்கம் அதில் இல்லைதான். ஆனால் மழை குறைந்த அந்தச் சீமையில் காங்கயம் மாடு அந்தப் புல்லைத் தின்றுதான் பேர் வாங்கியது. அதைச் செய்தவரைப் பட்டிக்காட்டான் என்றோம். அதையே பிறர் சொன்னால் விஞ்ஞானம் என்கிறோம்!

புதிதாக வருகிறவர் மாட்டுச் சந்தைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் கணக்குப் போடட்டும். 300 கிலோ எடையுள்ள பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 அல்லது 8 கிலோ உலர்ந்த தீவனத்துக்குச் சமமாகத் தின்னும். புல் தேற 30 நாள் வேண்டும், ஒரு துண்டில் 3 நாள் மேயலாம் என்றால், ஓய்வில் பத்தும் மேய்ச்சலில் ஒன்றுமாக 11 துண்டு வேண்டும். கோடையில் 60 நாள் வேண்டியிருந்தால்? துண்டுகள் இரட்டிக்கப் போவதில்லை. மாட்டைக் குறைக்க வேண்டும். இல்லையேல் சோளத்தட்டுப் போர் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலிருந்தும் தண்ணீர்த் தொட்டி எட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு துண்டையாவது விதை உதிரும் வரை விட்டுவைக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு மின்சாரம் வேண்டாம், கம்பி வேண்டாம், கண் வேண்டும்.

"மேய்ச்சலெல்லாம் பழங்கதை, கட்டி வைத்துத் தீனி போடு" என்பவர்களும் உண்டு. கிணறு நிறையத் தண்ணீரும் புல் அறுக்க ஆளும் இருந்தால் தாராளமாகப் போடட்டும். மானாவாரி நிலத்துக்காரர் ஏன் கூலி கொடுத்துப் புல்லைச் சுமக்க வேண்டும், கூலி கொடுத்துச் சாணத்தைத் திரும்பச் சுமக்க வேண்டும்? நாலு கால் கொண்ட பிராணி இரண்டையும் இனாமாகச் செய்யுமே!

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். கொரங்காட்டை விலைக்கு வாங்கியவர் முதல் வேலையாகக் கிளுவை வேலியை வெட்டிவிட்டுக் கம்பி கட்டுகிறார். புல்லை உழுது புரட்டுகிறார். பிறகு சுழற்சி மேய்ச்சல் கற்றுக்கொள்ளப் பட்டணத்துக்குப் பணம் கட்டிப் போகிறார். ஒரு தலைமுறை பொத்திப் பொத்தி வளர்த்த வேலி ஒரு பகலில் அடுப்புக்குப் போய்விடுகிறது.

புதிய விவசாயி பணம் கட்ட வேண்டிய இடம் அதுவல்ல. பக்கத்துக் காட்டில் ஆயுள் முழுவதும் மாடு மேய்த்த ஒரு கிழவி இருப்பாள். எந்தப் புல் எப்போது தேறும் என்று அவளுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு நாம் இதுவரை கொடுத்தது மேய்ப்புக் கூலி. அதையும் குறைத்தே கொடுத்தோம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் மாடில்லாமல் அவளோடு நடந்து புல்லைப் பாருங்கள். அதற்கு அவளுக்கு ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுங்கள். மாடு வாங்குவதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.