தங்கள் மருத்துவரை அணுகவும்

பெரியப்பா வங்கிக்கு வந்து கவுண்டர் வழியாக ஒரு கடிதத்தை நீட்டினார். "கடன் நோட்டீசு வந்துகீது போல, இன்னான்னு பாரு தம்பி"ன்னாரு. பிரித்தேன். கடன் இல்லை. ஆறு மாதம் முன்னால் ஏதோ ஆய்வுக்கென்று ஊருக்கு வேன் வந்து, ஆட்களை ஏற்றிப்போய்த் தலையை ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். டீ, பன், கொஞ்சம் காசு. இப்போது இங்கிலீஷில் நாலு வரி: மூளையில் எதிர்பாராத ஒன்று தென்படுகிறது, தங்கள் மருத்துவரை அணுகவும்.

தங்கள் மருத்துவராம்! ஆயுசு முழுக்க அடுத்தவன் கழனியில் ஏர் ஓட்டியவருக்கு எந்த மருத்துவர்?

தோழர்களே, முதலில் அந்த 'எதிர்பாராத' என்ற சொல்லே பொய். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 45 வயதைத் தாண்டிய பொதுமக்கள் 2000 பேரின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2007-இல் வெளிவந்தது. 7.2 சதம் பேருக்கு மூளையில் ரத்தம் தடைபட்ட தழும்பு, 1.8 சதம் பேருக்கு ரத்தக்குழாய்ப் புடைப்பு, 1.6 சதம் பேருக்குப் புற்றல்லாத கட்டி. ஆயிரம் தலையைப் படம் எடுக்கிறவனுக்கு இதெல்லாம் வரும் என்று தெரியும். எதிர்பாராதது பெரியப்பாவுக்குத்தான்.

பிரிட்டனின் 'யூகே பயோபேங்க்' லட்சம் பேரை ஸ்கேன் எடுத்திருக்கிறது. ஆபத்தாகத் தோன்றுவதை மட்டும் சம்பந்தப்பட்டவருக்கும் அவருடைய குடும்ப மருத்துவருக்கும் தெரிவிப்போம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அங்கே காசு வாங்காத குடும்ப மருத்துவர் இருக்கிறார். நம்மவர்கள் அந்த வாக்கியத்தை மட்டும் இறக்குமதி செய்துகொண்டார்கள்.

ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1968-இல் தொடங்கிய செங்கற்பட்டு பி.சி.ஜி. ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் கிராமத்து ஜனங்கள்தான். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில் எக்ஸ்ரே வண்டி ஊர் ஊராகப் போனது. எண்ணாமல் விட்டால் காசநோயில் சாகும் நம் ஜனம் கணக்கிலேயே வராது. ஆனால் காசத்தைத் தேடி எடுக்கிற படத்தில் வீங்கிய இதயமும் தெரியும், நுரையீரல் கட்டியும் தெரியும்.

கண்டதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தலாமா என்று ஒரு டாக்டர் நண்பர் கேட்டார். நியாயம். சின்னப் புடைப்பை அறுப்பதைவிட விட்டுவைப்பதே நல்லது என்கிற நிலைமையும் உண்டு. 'எனக்குச் சொல்லாதே' என்று சொல்லவும் ஒருவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அதைப் படம் எடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

வங்கியில் கைநாட்டு வைப்பவருக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டி, சாட்சி வைத்துத்தான் ரேகை வாங்குகிறோம் (அவசரத்தில் நாங்களும் முழுங்குவது உண்டு, மறைக்கவில்லை). ஆய்வுக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவர் சம்மதம் தரும்போது சார்பில்லாத சாட்சி கூட இருக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை. அந்தச் சாட்சி கேட்க வேண்டியது: வேறு ஏதாவது தெரிந்தால் யார் வந்து, தமிழில் சொல்வார்கள்? எந்த ஆஸ்பத்திரியில், யாரிடம் சேர்ப்பார்கள்? அடுத்த ஸ்கேனுக்கும் போன கூலிக்கும் யார் காசு? மெஷினுக்குப் பணம் ஒதுக்குகிற திட்டத்தில் இதற்கும் ஒரு வரி எழுதலாம்.

பெரியப்பாவை நாலு தரம் பஸ் ஏற்றி அழைத்துப்போனேன். நாலு நாள் எனக்கு லீவு, அவருக்குக் கூலி இல்லை. பழைய தழும்புதான், பிரஷர் மாத்திரையை விடாமல் போடச் சொன்னார்கள். அடுத்த மாசம் மறுபடியும் வேன் வருதாம். "போவட்டுமா தம்பி?"ன்னாரு. போகலாம், படிவத்தைப் படிக்க நானும் வர்றேன் என்று சொல்லியிருக்கிறேன்.