மனசை அளக்குமா மிஷின்? கடைக்காரர்களே, உஷார்!

மதுரையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு புது ஆசை காட்டுகிறார்கள்!

கூகுளில் வாடிக்கையாளர்கள் எழுதுவதை எல்லாம் கம்ப்யூட்டரே படித்து, 'பாராட்டு இத்தனை, திட்டு இத்தனை' என்று பிரித்துத் தருமாம். சந்தா கட்டினால் போதுமாம். விளக்குத்தூண் ஜவுளிக்கடையும் வாங்கலாம். மேலூர், திருமங்கலம் ஓட்டலும் வாங்கலாம்.

வாங்கலாம். நம்பலாமா? அதுதான் கேள்வி!

மதுரைக்காரர் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, "சால்னா பயங்கரம், மாஸ்டர் கொன்னுட்டாரு" என்று எழுதுவார். அது பாராட்டு. வார்த்தையை மட்டும் பிடித்துக்கொள்ளும் மிஷின் அதைத் திட்டில் சேர்த்துவிடும். இன்னொருவர், "ரொம்ப நல்ல கடைங்க, ஒரு மணி நேரம் உட்கார வச்சு தண்ணி மட்டும் கொடுத்தாங்க" என்பார். அது பாராட்டுக் கணக்கில் ஏறிவிடும்!

போதாக்குறைக்கு, பலர் தமிழை இங்கிலீஷ் எழுத்தில், ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் எழுதுகிறார்கள்.

சோதனையில் என்ன ஆச்சு?

தமிழும் இங்கிலீசும் கலந்த 15,744 யூடியூப் கருத்துகளை ஆராய்ச்சியாளர்கள் திரட்டினார்கள். அவற்றை வைத்து 2020-ல் கம்ப்யூட்டர்களுக்குப் போட்டி நடந்தது. முதலில் வந்ததற்கே 1-க்கு 0.65 மதிப்பெண்தான்! இப்போது வந்திருக்கும் ஏ.ஐ. முன்னைவிடக் கெட்டி. ஆனாலும் நையாண்டியில் சறுக்கத்தான் செய்கிறது.

பெரிய கம்பெனிக்கு லட்சம் கருத்து வரும். சில நூறு தப்பினாலும் பாதகமில்லை. சின்னக் கடைக்கு மாசம் 20 வந்தாலே அதிகம். அதில் 4 தப்பினால் கணக்கே மாறிவிடும். அந்தக் கணக்கைப் பார்த்து மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பினால்? ஒரு குடும்பத்தின் அடுப்பல்லவா அணையும்!

என்ன செய்யலாம்?

பணம் கட்டும் முன் பழைய கருத்து 50-ஐ எடுத்து, நீங்களே பிரித்து எழுதி வையுங்கள். பிறகு மிஷினிடம் கொடுங்கள். எத்தனை ஒத்துப்போகிறது என்று எண்ணுங்கள். பத்துக்கு மூணு நாலு தப்பு என்றால் சந்தா வேண்டவே வேண்டாம்.

20 கருத்தைப் படிக்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அதை முதலாளியே படிக்கலாமே!

இலையில் பாதியை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போகிறவர் கூகுளில் எதுவும் எழுத மாட்டார். மறுபடி வரவும் மாட்டார். அதை எந்தச் சந்தாவும் சொல்லாது. கல்லாவில் இருப்பவர் தலை நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும்!