நகை பெட்டியிலேயே இருக்கட்டும்



பிள்ளை நன்றாகப் பாடுகிறான், விசைப்பலகையும் வாசிக்கிறான். பள்ளி ஆண்டுவிழாவிலும் கோவில் திருவிழாவிலும் நாலு பேர் பாராட்டிவிட்டார்கள். அடுத்து அவன் கேட்பது வீட்டிலேயே ஓர் ஒலிப்பதிவுக் கூடம். இணையத்தில் பார்த்த கருவிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தந்தையின் கையில் கொடுக்கிறான். கூட்டிப் பார்த்தால் தொகை இலட்சத்தைத் தாண்டுகிறது. தந்தை தாயின் முகத்தைப் பார்க்கிறார். தாய் தன் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். நம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றில் இன்று நடைபெறும் காட்சி இது. ஆதலால் இம்மாதம் இதனைக் குறித்தே சிறிது சிந்திப்போம்.

இவ்வேளையில் பிள்ளைகள் தவறாமல் எடுத்துக்காட்டும் பெயர் ஏ. ஆர். ரகுமான். "அவருக்கும் அவர் அம்மாதானே நகையைக் கொடுத்தார்கள்?" என்பது அவர்கள் வாதம். அது உண்மைதான். ஆயினும் அந்த வரலாற்றை முழுவதும் அறிந்துகொள்வது நல்லது.

1976ஆம் ஆண்டில் தந்தை ஆர். கே. சேகர் மறைந்தபோது ரகுமானுக்கு ஒன்பது வயது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு வந்த வருவாயைக் கொண்டு தாய் குடும்பத்தை நடத்தினார். பிள்ளையோ சிறுவனாய் இருந்தபோதே பிற இசையமைப்பாளர்களின் குழுக்களில் விசைப்பலகை வாசிக்கத் தொடங்கினார். அவ்வாறு பல்லாண்டுகள் உழைத்துப் பழகிய பின்னரே, 1989ஆம் ஆண்டில், சென்னையில் தம் வீட்டை ஒட்டிப் 'பஞ்சதன்' என்னும் சிறு ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். கூடம் எழும்பியதும் கைப்பணம் தீர்ந்துவிட்டது. குளிர்சாதனமும் ஓர் அலமாரித் தட்டும் தரைவிரிப்பும் தவிர வேறொன்றுமில்லாத அறையில் தாம் வெறுமனே அமர்ந்திருந்ததையும், தாய் கரீமா பேகம் அடகு வைக்கத் தம் நகையைக் கொடுத்த பின்னரே முதல் பதிவுக்கருவி வந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். 1992இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் பாடல்கள் அந்தக் கூடத்தில் உருவானவை. முதற்படத்திற்கே தேசிய விருதும் கிடைத்தது.

இவ்வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் நகையை நினைவில் வைத்துக்கொண்டு வரிசையை மறந்துவிடுகிறார்கள். முதலில் வந்தது பயிற்சி. அடுத்து வந்தது உழைத்துச் சம்பாதித்த அனுபவம். அதற்கடுத்து வந்தது அறை. நகை வந்தது கடைசியில். தன் மகன் என்ன செய்ய வல்லவன் என்பதை ஆண்டுக்கணக்காகக் கண்ணால் கண்ட தாய் கொடுத்த நகை அது. ஆசையை நம்பிக் கொடுத்ததன்று.

இன்னொன்றையும் கருத வேண்டும். அந்நாளில் பல தடங்களில் ஒலியைப் பதியும் கருவிக்கு மலிவான மாற்று அரிது. இன்று நிலைமை வேறு. 1979இல் ஜப்பானின் டீயாக் நிறுவனம் சாதாரண கேசட்டிலேயே நான்கு தடங்களில் பதியும் சிறு கருவியை வெளியிட்டது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 தொடக்கத்தில் அக்கருவியில் தம் வீட்டிலேயே மாதிரிக்காகப் பதிந்த பாடல்கள்தாம் அவ்வாண்டு 'நெப்ராஸ்கா' என்னும் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. 2000ஆம் ஆண்டில் ஆடாசிட்டி என்னும் ஒலிப்பதிவு மென்பொருள் இலவசமாகவே வெளியிடப்பட்டது. இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. 2019இல் பில்லி ஐலிஷ் என்னும் இளம்பெண்ணும் அவருடைய அண்ணனும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் பெரும்பாலும் உருவாக்கிய தொகுப்பு, மறு ஆண்டில் கிராமி விருதுகளை அள்ளிக்கொண்டது. ரகுமானின் தாய் நகை கொடுத்து வாங்க வேண்டியிருந்த வசதியில் பெரும்பகுதி இன்று நம் வீட்டுக் கணினிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அவரைப் பின்பற்ற விரும்பும் பிள்ளை பின்பற்ற வேண்டியது பயிற்சியைத்தான்.

எனவே நான் சொல்லும் முதல் வழி இது: முதல் மூன்று மாதங்கள் ஒரு காசும் செலவிட வேண்டாம். கைப்பேசியிலேயே நாள்தோறும் ஒரு பாடலைப் பதியச் சொல்லுங்கள். பதிந்ததை மறுநாள் கேட்டுக் குறைகளைக் குறிப்பேட்டில் எழுதட்டும். சுருதி எங்கே விலகியது, மூச்சு எங்கே வாங்கியது, தாளம் எங்கே ஓடியது என்பதைத் தன் செவியாலேயே கண்டுகொள்ளட்டும். மூன்று மாதம் இதனைச் சலிக்காமல் செய்கிற பிள்ளைக்குத் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுகிற பிள்ளைக்கு இலட்ச ரூபாய்க் கருவியும் மேசைமேல் தூசி படியத்தான் உதவும்.

அடுத்தது அறை. நம் புதிய வீடுகள் கான்கிரீட் கூரையும் வழவழப்பான தரையும் வெறுஞ்சுவரும் கொண்டவை. அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஒலியைத் தொடர்ந்து கணீரென்று ஒரு வால் நீள்கிறதல்லவா? ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். சிறிய அறைக்குள் அது சுவருக்குச் சுவர் மோதித் திரும்பித் திரும்பிப் பாடகரின் குரலோடு கலந்துவிடுகிறது. அவ்வாறு கலந்ததைப் பிறகு எந்த மென்பொருளாலும் முற்றிலும் பிரித்தெடுக்க இயலாது. விலையுயர்ந்த ஒலிவாங்கி இக்குறையை மறைப்பதில்லை. மேலும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்.

இதற்கு மருந்து வெளிநாட்டு நுரைப்பஞ்சுதான் என்று எண்ண வேண்டாம். நம் கொங்கு நாடு நெசவு நாடு. பவானி ஜமக்காளம், சென்னிமலைப் போர்வை, இலவம்பஞ்சு மெத்தை இவையெல்லாம் ஒலியை உறிஞ்சுபவைதாம். பாடுகிறவருக்குப் பின்னாலும் இரு பக்கங்களிலும் கொடிகட்டி, ஜமக்காளத்தை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடையேனும் இடைவெளி விட்டால் இன்னும் நன்றாக உறிஞ்சும். தரையில் பாய் விரித்து அதன்மேல் மெத்தையைப் போடலாம். துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து வைத்தால் சேலைகளும் தம் பங்கைச் செய்யும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் கண்ணுக்குத் திருப்தியே தவிர, ஒலிக்குப் பெரும் பயனில்லை. பனியன் கழிவுப் பஞ்சை மூட்டை மூட்டையாகச் சுவரோரம் அடுக்குவோரும் உண்டு. அது எளிதில் தீப்பற்றும். மின்கம்பிக்கு அருகில் வைக்கவே கூடாது.

ஓர் உண்மையை மட்டும் மறவாதிருங்கள். துணி, அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தடுக்காது. அதைத் தடுக்கக் கனத்த சுவரும் இடுக்கின்றி மூடும் கதவும் வேண்டும். அது பெருஞ்செலவு. அச்செலவுக்குப் பதிலாக நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அரிசி ஆலைகளும் தாராபுரம் சாலைப் பேருந்துகளும் விழித்தெழுமுன், விடியற்காலையில் நம் ஊரில் கிடைக்கும் அமைதி விலைமதிப்பற்றது. மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்காமல் பாடவும் அதுவே ஏற்ற வேளை.

இனிக் கருவிகள். மைக் என்று நாம் வழங்கும் ஒலிவாங்கியில் இருவகை பெரிதும் வழக்கிலுண்டு. கண்டென்சர் வகை மிக நுட்பமானது; பாடகரின் மூச்சோடு பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓசையையும் வாங்கிக்கொள்ளும். டைனமிக் வகை சற்று முரடானது. மேடைகளில் நாம் காண்பது பெரும்பாலும் அதுவே. அருகில் வரும் குரலையே முதன்மையாக வாங்குவதால், இரைச்சல் சூழ்ந்த வீட்டிற்கு அது பொருந்தும். முன்பக்க ஒலியை மிகுதியாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் வாங்கும் அமைப்பு இரண்டிலும் உண்டு. ஆகவே எந்தச் சன்னலிலிருந்து இரைச்சல் வருகிறதோ, ஒலிவாங்கியின் முதுகு அந்தப் பக்கம் இருக்கட்டும்.

ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்அலையைக் கணினி புரிந்துகொள்ளும் எண்களாக மாற்ற ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டி வேண்டும். காதை முற்றும் மூடும் ஹெட்போன் ஒன்றும், தாங்கியும், கம்பியும் வேண்டும். கணினி ஏற்கெனவே வீட்டில் இருக்குமாயின், ஒலிவாங்கிக்கு 5,000 ரூபாய், இன்டர்ஃபேஸுக்கு 8,000, ஹெட்போனுக்கு 3,000, மற்றவற்றிற்கு 2,000 என்று வைத்துக்கொண்டால் 18,000 ஆகிறது. விலை கடைக்குக் கடை மாறும். எனினும் 20,000 ரூபாய்க்குள் ஒரு நல்ல தொடக்கம் செய்யலாம். தவணைக்கும் வட்டிக்கும் போகாமல், சீட்டுப் பணத்திலோ சேமிப்பிலோ முடித்துக்கொள்ளக்கூடிய தொகை இது. பெரிய ஒலிபெருக்கிகளை இப்போது வாங்க வேண்டாம். அறை சரியாக அமையும்வரை அவை சொல்லுவதை நம்ப முடியாது.

பதியும் முறையிலும் சில நுணுக்கங்கள் உண்டு. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். தூரம் இருமடங்கானால் நேராக வரும் குரல் ஆறு டெசிபெல் குறையும். அறையின் எதிரொலியோ அவ்வாறு குறைவதில்லை. 'ப' என்று உச்சரிக்கும்போது வாயிலிருந்து காற்று மோதும். பூத்தையல் வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி இடையில் வைத்தால் அம்மோதல் தணியும். ஒலியளவைக் காட்டும் அளவுகோலில் மிக உரத்த இடமும் பூச்சியத்திற்கு 12 டெசிபெல் கீழேயே நிற்கட்டும். பூச்சியத்தைத் தாண்டினால் ஒலி வெட்டுப்படும். வெட்டுப்பட்டதைத் திருத்த முயல்வதைவிட மறுபடி பாடுவதே எளிது. முடித்த பதிவை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். பிறர் இயற்றிய பாடலைப் பதிந்து வெளியிட விரும்பினால், உரிமையாளரின் இசைவைப் பெற வேண்டும் என்பதையும் பிள்ளைக்குக் கற்பியுங்கள். பிறர் உழைப்பை மதிக்கத் தெரிந்தவனுக்குத்தான் தன் உழைப்பின் மதிப்பும் தெரியும்.

எல்லாம் சரி, எதைப் பதிவது? இதைக் குறித்துப் பெரும்பாலான வீடுகளில் யாரும் சிந்திப்பதில்லை. வெளிவந்து புகழ்பெற்ற திரைப்பாடலையே நம் பிள்ளையும் பாடிப் பதிகிறான். பழகுவதற்கு அது நல்லதே. ஆயினும் நம் மண்ணிலேயே நிகழ்ந்த ஒன்றை அவனுக்குச் சொல்லுங்கள்.

காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையம் என்னும் சிற்றூருக்கு 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்னும் இளம் மானிடவியல் ஆய்வாளர் வந்து தங்கினார். இவ்வூர்ப் பக்கத்து மக்கள் வாழ்வை ஆராய்வது அவர் நோக்கம். உடுக்கையடித்துப் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை 1965ஆம் ஆண்டில் அவர் ஒலிநாடாவில் பதிவு செய்தார். பல இரவுகள் நீளும் பெருங்கதை அது. பொன்னரையும் சங்கரையும் அறியாத கொங்கு வீடு உண்டோ? ஆயினும் பாடுகிறவரின் நாவிலும் கேட்கிறவரின் செவியிலுமே அது வாழ்ந்து வந்தது. ஆண்டுகள் பல கழித்து, 1992இல், சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியாக அக்கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் இரு பகுதிகளாக நூலுருப் பெற்றது. பின்னர் அதே கதை அசைவோவியத் தொடராகவும் வந்தது. இத்தனைக்கும் வித்தாக அமைந்தது ஒரு சிற்றூரில் சுழன்ற ஒலிநாடா. பஞ்சு பதித்த சுவரைக் கொண்ட கூடம் அங்கே இல்லை. பதியத்தக்க குரல் இருந்தது. அதன் அருமையை அறிந்த செவியும் இருந்தது.

நம் வீட்டிலும் அத்தகைய குரல்கள் இருக்கின்றன. அம்மாயி பாடும் தாலாட்டு, அப்பாரு சொல்லும் பஞ்சகாலத்து நிகழ்ச்சி, காங்கேயம் காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்தபோது பாடிய ஏற்றப்பாட்டு, வயதான அத்தை இன்னும் மனப்பாடமாய்ச் சொல்லும் பழைய செபம்: இவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பாடல் புகழ்பெறாவிட்டால் அடுத்த ஆண்டு வேறொன்று பாடலாம். எழுபத்தெட்டு வயதுக் குரலுக்கு அடுத்த ஆண்டு என்பது உறுதியன்று. அடக்கச் சடங்கு முடிந்து வீடு திரும்பிய பின், "அவர் குரலைப் பிடித்து வைக்காமல் போனோமே" என்று கலங்கும் குடும்பங்கள் பல. நிழற்படம் சுவரில் இருக்கும்; குரல் எங்கும் இராது.

ஆதலால் பிள்ளையின் கையிலுள்ள பட்டியலைக் கிழித்தெறிய வேண்டாம். அதனை வாங்கிக் கவனமாகப் படியுங்கள். பிறகு அவனிடம் சொல்லுங்கள்: "தம்பி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஜமக்காளத்தைக் கட்டு. மின்விசிறியை நிறுத்து. கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில் வை. அம்மாயியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பாட்டுப் பாடச் சொல்." பாட்டியின் குரல் நடுங்கும் இடத்தில் பொறுமையாகக் காத்திருக்கவும், பதிந்ததைத் தெளிவாகத் திரும்பக் கேட்கவும் அவன் கற்றுக்கொண்டால், கூடம் நடத்தும் தகுதி அவனுக்கு வந்துவிட்டது. அப்போது சேமிப்பிலிருந்து அந்த 18,000 ரூபாயை மனநிறைவோடு எடுத்துக் கொடுங்கள்.

தாயின் நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.